டிக்கியில் ஒரு சீக்ரெட் ரிசர்வ்

பி.காம். படித்தவர்களுக்கு ஆடிட்டிங் பேப்பர் ஞாபகம் இருக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் வகுப்பு. அதில் தூக்கம் வராத ஒரே பாடம் ‘சீக்ரெட் ரிசர்வ்’. கம்பெனியிடம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் கணக்கில் காட்டுவது. நல்ல வருஷத்தில் சத்தமில்லாமல் ஒதுக்கிவைத்து, கெட்ட வருஷத்தில் சத்தமில்லாமல் எடுத்துவிடுவது. பங்குதாரர் பார்க்கிற பேலன்ஸ் ஷீட் எப்போதும் சமர்த்தாக இருக்கும்.

இதற்கு எங்கள் ப்ரொபஸர் தவறாமல் சொல்லும் உதாரணம், ராயல் மெயில் கப்பல் கம்பெனி. 1920-களில் வியாபாரம் நஷ்டத்தில் போய்க்கொண்டிருந்தபோது, பழைய ரகசிய இருப்பிலிருந்து எடுத்து டிவிடெண்டு கொடுத்துக்கொண்டே வந்தார்கள். 1931-ல் அதன் தலைவர் கில்சன்ட் பிரபு லண்டனில் கூண்டில் ஏறினார். வேடிக்கை என்னவென்றால், கணக்கில் ஒளித்ததற்காக அவரைத் தண்டிக்க முடியவில்லை. 1928-ல் வெளியிட்ட பத்திரத்தில் ஜனங்களை ஏமாற்றினார் என்றுதான் பன்னிரண்டு மாதம் உள்ளே போட்டார்கள். ஆடிட்டருக்கு விடுதலை.

கல்லூரியை விட்டு வந்த பிறகு இந்தப் பாடம் எனக்கு எதற்கும் உபயோகப்படவில்லை, ஒரே ஒரு தடவை தவிர. அது ஒரு மெக்கானிக் ஷெட்டில்.

2011 மே மாதம். கத்திரி வெயில். ஒரு புத்தக வேலையாகத் திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அந்தப் பகுதி எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மயில் அகவும். மறுபக்கம் காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் வாடகை மொபெட்டில் இளநீர் தேடிப் போவார். ஆசிரமத்துக்குள்ளே அப்படி ஓர் அமைதி. வாசலை ஒட்டி ஓடுவதோ செங்கம் சாலை. செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நேராக பெங்களூரில் கொண்டுபோய் விடுகிற சாலை. மௌனத்துக்குப் பேர் போன ஓர் இடத்தின் வாசலில், லாரிக்காரர்கள் ஏர்ஹாரனை எடுக்காமல் போகிற நேரம் ரொம்பக் குறைவு.

ஆசிரமத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு மெக்கானிக் ஷெட். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவரிடம் டீயும் தினத்தந்தியும் ஓசியில் கிடைக்கும் என்பதால் காலையில் அங்கே போய் உட்காருவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கே.ஏ. நம்பர் போட்ட பழைய வெள்ளை ஹோண்டா சிட்டி ஒன்று, பானட்டிலிருந்து புகை மாதிரி ஆவி விட்டுக்கொண்டு ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தவனுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசு இருக்கும். பின் சீட்டில் அவன் அம்மா. பையில் விபூதி, கழுத்தில் ருத்ராட்சம், காலெல்லாம் கொப்புளம். ராத்திரி பதினாலு கிலோ மீட்டரும் செருப்பில்லாமல் நடந்திருக்கிறார். டாஷ்போர்டில் பிள்ளையார். பின் கண்ணாடியில் அண்ணாமலையார் ஸ்டிக்கர்.

பாய் ரேடியேட்டரை ஆறவிட்டு, அங்கே இங்கே தட்டிப் பார்த்தார். “ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. சூடு தாங்கல. எப்படி ஓட்டுன தம்பி?”

“நார்மலாத்தான் ஓட்டுனேன்.”

பின்னால் நின்றிருந்த அம்மா சொன்னார்: “எங்க நார்மல்? வரும்போது ஊத்தங்கரை தாண்டி ஒரு வண்டிக்காரன் முந்திப் போனான். இவன் அவனை விடவேயில்லை. திடீர்னு யாரோ முதுகுல உதைச்ச மாதிரி வண்டி பறந்துது. நான் அருணாச்சலா, அருணாச்சலான்னு கண்ணை மூடிக்கிட்டேன்.”

பாய் மறுபடி குனிந்தார். எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளை மூக்கு. கையால் தடவிக்கொண்டே, “இது ஹோண்டாக்காரன் வெச்சது இல்லையே” என்றார். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசியில் டிக்கியில் நின்றார். கார்ப்பெட், அதற்குக் கீழே பலகை. பலகையைத் தூக்கினால் ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளத்தில் ஸ்டெப்னி இல்லை. நீலக் கலரில் ஒரு சிலிண்டர், குழந்தை மாதிரிப் பழைய போர்வையில் சுற்றிப் படுக்கவைத்திருந்தது.

“என்னடா அது?” என்றார் அம்மா.

“ஏ.சி. கேஸும்மா.”

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

அந்த நீலச் சிலிண்டரில் இருந்தது நைட்ரஸ் ஆக்ஸைடு. பல் பிடுங்கும்போது கொடுப்பார்களே, சிரிப்பு வாயு, அதேதான். 1772-ல் பிரீஸ்ட்லி கண்டுபிடித்தார். 1799-ல் ஹம்ப்ரி டேவி தானே முகர்ந்து பார்த்து, நண்பர்களுக்கும் கொடுத்துச் சிரிக்க வைத்தார். 1844-ல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் டாக்டர், இதை வேடிக்கை காட்டும் ஒரு நிகழ்ச்சியில், காலில் அடிபட்டதே தெரியாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மறுநாளே இதை முகர்ந்துகொண்டு தன் பல்லைப் பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரர்கள், காற்று மெலிந்திருக்கும் உயரத்தில் விமானம் மூச்சுத் திணறாமல் இருக்க இதை எஞ்சினுக்குக் கொடுத்தார்கள்.

விஷயம் எளிமையானது. எஞ்சின் என்பது பெட்ரோலையும் காற்றையும் சேர்த்து எரிக்கிற அடுப்பு. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், காற்றைக் கூட்டுவதுதான் கஷ்டம். காற்றில் எடைக்கணக்கில் 23 சதவீதம்தான் ஆக்ஸிஜன். நைட்ரஸில் 36 சதவீதம். இது தானாக எரியாது. எஞ்சினுக்குள் 300 டிகிரி சூட்டில் உடைந்து, உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைக் கொட்டிவிடும். கூடவே பெட்ரோலும் அதிகம் போக வேண்டும். பெட்ரோல் கொஞ்சம் குறைந்தாலும் சூடு எகிறி, பிஸ்டனே உருகும். கேஸ்கெட் போனதோடு நின்றது அந்தப் பையனின் அதிர்ஷ்டம்.

பாய் செய்த முதல் காரியம், அந்த அம்மாவை அப்புறப்படுத்தியது. “ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்மா. வெயில்ல நிக்காதீங்க. ஆசிரமத்துல போய் இலுப்பை மரத்தடியில உக்காருங்க.” அவர் போன பிறகு, சிலிண்டர் வால்வை இறுக்கி மூடிவிட்டுப் பையனைப் பார்த்தார்.

“இதை எதுக்கு ஒளிச்சு வெச்சிருக்கே?”

பையன் கெட்டவன் இல்லை. ஒளித்ததைப் பற்றிச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பிரகாசம்கூட வந்தது. பெங்களூரில் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் ரோட்டில் பந்தயம் விடுவார்களாம். தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டுவார்களாம். “ஸ்பாய்லரு, பெரிய சைலன்சருன்னு வெச்சிக்கிட்டு வந்தா எவனும் பந்தயம் கட்ட மாட்டான் சார். இதைப் பார்த்தா என்ன தோணும்? அம்மா கோயிலுக்குப் போற வண்டி. அதான் சாமி ஸ்டிக்கரைக்கூட எடுக்கல.” ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபாக் லேம்ப் சுவிட்ச் மாதிரி ஒன்று. அந்த வண்டிக்கு ஃபாக் லேம்ப்பே கிடையாது. இப்படிப்பட்ட வண்டிக்கு ‘ஸ்லீப்பர்’ என்று பேராம். பரமசாது மாதிரி தூங்கிக்கொண்டிருக்கும்.

போலீஸ், ஆர்.டி.ஓ., எதிராளி, வீடு. அவன் ஒளித்தது இத்தனை பேரிடம். கிட்டுக்கு அறுபதாயிரம் செலவானதாகச் சொன்னான். அன்றைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவுப்படி ரோட்டில் பந்தயம் விட்டால் ஒரு மாதம் வரை ஜெயில், அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அறுபதாயிரத்துக்கு எதிரே ஐந்நூறு. அவன் போட்ட கணக்கில் எனக்குத் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒளித்துவைப்பது என்பது மோட்டார் பந்தயத்துக்குப் புதுசும் இல்லை. பெரிய பெயர்கள் எல்லாம் மாட்டியிருக்கின்றன. 1976 டேடோனா 500 பந்தயத்துக்கு முன்பு நடந்த தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தவர் ஏ.ஜே. ஃபாய்ட், இரண்டாவது டாரல் வால்ட்ரிப். அமெரிக்காவில் இந்த இரண்டு பெயரும் நம் ஊர் சினிமா ஹீரோக்கள் மாதிரி. நைட்ரஸ் விவகாரம் என்று இரண்டு பேரின் நேரத்தையும் அதிகாரிகள் ரத்து செய்தார்கள். மூன்றாவதாக வந்தவருக்கும் ரேடியேட்டர் விஷயத்தில் வேட்டு. கடைசியில் முதல் இடத்திலிருந்து கிளம்பும் வாய்ப்பு, யாருமே எதிர்பார்க்காத ரேமோ ஸ்டாட் என்பவருக்குப் போனது.

இதைவிட அழகான ஒளிப்பு 1995-ல் டொயோட்டா செய்தது. உலக ராலி பந்தயத்தில் டர்போவுக்குள் போகிற காற்றை 34 மில்லிமீட்டர் வளையம் ஒன்றால் கட்டுப்படுத்துவார்கள். டொயோட்டாகாரர்கள் அந்த வளையத்தைச் சுற்றிக் காற்று திருட்டுத்தனமாகப் புக வழி செய்தார்கள். எப்படித் தெரியுமா? வண்டியில் மாட்டும்போதுதான் அந்த வழி திறக்கும். அதிகாரி சோதனைக்காகக் கழற்றினால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைச் சட்டென்று மூடிவிடும். கையில் எடுத்துப் பார்த்தால் பத்தரை மாற்றுத் தங்கம். சர்வதேச அமைப்பின் தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லியே அந்த வேலைப்பாட்டை வியந்துதான் தண்டனையை அறிவித்தார். அந்த வருஷப் புள்ளிகள் பறிபோய், பன்னிரண்டு மாதம் தடை.

இந்தக் கதைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. சிரிப்புத்தான் வருகிறது. காரணத்தை யோசித்தால், அங்கே எல்லோருக்கும் ஆட்டம் தெரியும். ஏமாற்றுகிறவன் பந்தயக்காரன். ஏமாறுகிறவனும் பந்தயக்காரன். நடுவில் ஒளித்ததைத் தேடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆள் ஒருவர். ஆடிட்டிங் வகுப்பில் இன்னொரு கேஸ் உண்டு, கிங்ஸ்டன் காட்டன் மில், 1896. (பதினாறு வயசு வேங்கடராமன் வீட்டைவிட்டுக் கிளம்பி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்த அதே வருஷம். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சும்மா சொல்கிறேன்.) ஆடிட்டர் காவல் நாய்தானே தவிர மோப்ப நாய் இல்லை என்ற அர்த்தத்தில் தீர்ப்பு சொன்ன வழக்கு. பந்தயத் திடலில் இருக்கிற சோதனை அதிகாரி மோப்ப நாயும்தான். ஆனால் ராத்திரி ரெண்டு மணி ரோட்டில் காவல் நாயும் கிடையாது, மோப்ப நாயும் கிடையாது. இருப்பதெல்லாம் தெருநாய். அது குறுக்கே ஓடினால் அவ்வளவுதான்.

பாய்க்கு இந்த விஷயமெல்லாம் புதுசு இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தொண்ணூறுகளில் அவர் வேலூரில் ஆர்.எக்ஸ். 100 ஸ்பெஷலிஸ்ட். யமஹா அந்த வண்டியைத் தயாரித்தது 1985-லிருந்து 1996 வரைதான். ஆனால் இன்றைக்கும் அதற்குக் கோயில் கட்டாத குறை. “வெளிய பார்த்தா ஷோரூம் வண்டி சார். சிலிண்டர் போர்ட்டை உள்ள அரம் போட்டிருப்பேன். சைலன்சர் வெளிய ஒரிஜினல், உள்ள ஒண்ணும் இருக்காது. போலீஸ்காரர் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பையன் எங்கிட்ட வேலை பார்த்துக்கிட்டு, அன்னிக்கி ராத்திரியே ஆற்காடு ரோட்டுல போயிட்டான். அவங்கம்மா ஷெட்டுக்கு வந்தாங்க. திட்டுனாக்கூடப் பரவால்ல. ‘எம்புள்ள வண்டியில என்னப்பா பண்ணே’ன்னு மட்டும் கேட்டாங்க. அந்த வேலையை அதோட விட்டேன்.”

சொல்லிவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்தார். “தம்பி, ஆர்.சி. புக்கைக் குடு.”

ஆர்.சி. புக்கில் அம்மா பெயர்.

எனக்கு அந்த இடத்தில்தான் ராயல் மெயில் ஞாபகம் வந்தது. வண்டி அம்மாவுடையது. இன்ஷூரன்ஸ் அம்மா பெயரில். வண்டி எதன் மேலாவது மோதினால் நஷ்டஈடு கேட்டு வரும் சம்மனும் அம்மா பெயருக்குத்தான் வரும். கார் பாலிசியில் பொடி எழுத்தில், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு கிடையாது என்று அச்சடித்திருக்கும். இன்ஷூரன்ஸ் முழுக்க நம்பிக்கையில் ஓடுகிற வியாபாரம். கம்பெனிக்குச் சொல்லாமல் வண்டியை மாற்றியது தெரிந்தால் கையை விரிப்பார்கள். அடிபட்ட மூன்றாவது மனுஷனுக்குக் கோர்ட் கொடுக்கச் சொன்னாலும், கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளும் வழி அவர்களுக்கு உண்டு. இத்தனைக்கும் பொறுப்பான முதலாளிக்குத் தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. கேட்டால் ஏ.சி. கேஸ்.

முதுகுக்குப் பின்னால் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு கார் டயரில் முப்பது, முப்பத்து மூன்று பவுண்டு காற்று அடைப்போம். அந்த நீலச் சிலிண்டரில் சாதாரண நாளிலேயே எழுநூறு பவுண்டுக்கு மேல். நைட்ரஸ் ஆக்ஸைடு 36.4 டிகிரி செல்சியஸ் வரைதான் அழுத்தத்தில் திரவமாக அடங்கி இருக்கும். அதைத் தாண்டினால் திரவம் என்ற பேச்சே இல்லை. ஆயிரம் பவுண்டைத் தாண்டி அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். திருவண்ணாமலை கத்திரியில் மர நிழலிலேயே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியைக் கேட்கவே வேண்டாம். சிலிண்டரில் ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் அது கிழிந்து வாயுவை வெளியே விடும். முறைப்படி செய்கிறவர்கள் அதற்கு ஒரு குழாய் வைத்து வாயு காருக்கு வெளியே போகும்படி விடுவார்கள். இவன் ஒளித்துவைத்திருக்கிறானே, குழாய் எப்படி வெளியே நீட்டும்? கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்ட காருக்குள் அந்த வாயு மொத்தமும் நிரம்பினால் மூச்சு விடக் காற்று இருக்காது. பெயர் மட்டும் சிரிப்பு வாயு.

பாய் இதையெல்லாம் இவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை. சொன்னது ஒன்றுதான். “வண்டி யாருதோ அவங்களுக்குத் தெரியணும். நீயே போய் சொல்லு. சொல்லிட்டு வந்தாத்தான் ஸ்பானரைத் தொடுவேன்.”

“பாய், ப்ளீஸ். அம்மா பயந்துடுவாங்க.”

“பயப்படட்டும்.”

அவன் போய் அரை மணி நேரம் வரவில்லை. வந்தபோது அம்மாவும் கூட வந்தார். அழுத மாதிரித் தெரியவில்லை. நேராக டிக்கியிடம் போய் அந்தச் சிலிண்டரைக் குனிந்து பார்த்தார். “எத்தனை நாளா இருக்கு இது?”

“ரெண்டு வருஷமா.”

“உங்கப்பாவை இதுல படுக்க வெச்சுத்தானேடா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன்?”

பையன் பதில் சொல்லவில்லை. பாய் சிலிண்டரைக் கழற்றி ஷெட்டின் உள்பக்கம், நிழலாக இருக்கிற மூலையில் கொண்டுபோய் வைத்தார். சாயங்காலம் வண்டி கிளம்பியது. அடுத்த வாரம் அந்தப் பையன் பஸ்ஸில் வந்து அதை வாங்கிக்கொண்டு போனானாம். விற்கப்போவதாகச் சொன்னானாம். பாய் நம்பவில்லை. நானும் பாதிதான் நம்பினேன்.

அதற்குப் பிறகு சட்டம் கொஞ்சம் விழித்துக்கொண்டது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம், தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே வருஷம் செப்டம்பரிலிருந்து திருத்தப்பட்ட சட்டத்தில், ரோட்டுப் பந்தயத்துக்கு முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் வரை அபராதம். மறுபடி மாட்டினால் ஒரு வருஷம், பத்தாயிரம். வண்டியைச் சட்டவிரோதமாக மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம். உரிமையாளர் என்ற வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கொப்புளக் கால் அம்மா ஞாபகம் வருகிறது.

பையன்களின் வேக ஆசையைக் குற்றம் சொல்கிறவன் இல்லை நான். அதற்கு இந்த மாநிலத்தில் இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் கார் பந்தயம் பார்க்க ஜனம் அலைமோதிய காலம் உண்டு. பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை வந்தது, கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோ மீட்டருக்கு, நிஜமான நகரச் சாலையிலேயே ராத்திரியில் விளக்குப் போட்டுப் பந்தயம் நடத்தினார்கள். அதுவும் ஸ்ட்ரீட் ரேஸ்தான். இரண்டு பக்கமும் தடுப்புச்சுவர், வலை, ஆம்புலன்ஸ். உள்ளே இருக்கிறவனுக்குத் தான் பந்தயத்தில் இருக்கிறோம் என்று தெரியும். வெளியே இருக்கிறவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர். காசு அதிகம் ஆகும், லைசென்ஸ் வாங்க வேண்டும், வண்டியின் ஒவ்வொரு திருகையும் அதிகாரி பார்ப்பார். ராத்திரி ரெண்டு மணி ஹைவேயில் இந்த மூன்று தொல்லையும் இல்லை என்பதுதான் அதன் கவர்ச்சி.

தொல்லை வேறு யாருக்கோ போய்விடுகிறது. யாருக்கு என்று பார்க்க ஆசைப்பட்டால், பௌர்ணமிக்கு முந்தின நாளோ பிந்தின நாளோ விடியற்காலை மூன்றரை மணிக்கு ரமணாசிரமம் வாசலில் வந்து நில்லுங்கள். பௌர்ணமி அன்றைக்கு வண்டிகளைத் திருப்பிவிட்டு விடுவார்கள், மற்ற நாளில் அப்படி இல்லை. கூட்டத்துக்கு ஒதுங்கி நடக்க நினைக்கிறவர்கள் அந்த நேரத்தில்தான் கிளம்புவார்கள். பால்காரர், பூக்கூடைக்காரம்மா, ஒண்டியாக நடக்கிற பெரியவர். மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். மலையை ஒட்டிய பக்கத்தில் சித்தர்கள் நடக்கிறார்கள், அதை அவர்களுக்கு விட்டுவிட்டு நாம் இடது ஓரமாகப் போக வேண்டும் என்பது வழிவழியாகச் சொல்வது. இடது ஓரம் என்றால் வண்டி வருவது முதுகுப் பக்கம். செருப்பில்லாத கால், கையில் ஒரு தண்ணி பாட்டில், வாய்க்குள் அருணாச்சல நாமம். ஊருக்குள்ளிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் வண்டிகளின் ஹெட்லைட்டில் அவர்கள் நிழல் நீளமாக முன்னால் விழும். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.